சி.ஏ.டி. டூர்னிக்கெட்: ஆறு மாதம் கட்டிப் பழகியதில் தெரிந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்தப் பட்டையை நான் இதுவரை கட்டியதில்லை. கட்ட வேண்டிய நிலை வராமலே போகட்டும். ஆறு மாதமாக என் தொடையிலும் கையிலும், என்னோடு பயிற்சிக்கு வந்தவர்களின் தொடையிலும் கையிலும் கட்டி, இறுக்கி, அவிழ்த்துப் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன். பட்டையைப் பற்றி மட்டும் நாலு பத்தி எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இதைக் கையில் எடுத்த நாளிலிருந்து, குண்டு பறக்கும் இடத்தில் தரையோடு தரையாகக் கிடந்துகொண்டு இதை இன்னொருவருக்குக் கட்டுகிற ராணுவ மெடிக்குகளை, அதாவது களத்திலேயே முதல் சிகிச்சை கொடுக்கும் வீரர்களை, நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதனால் இதில் பாதிக்கு மேல் அவர்கள்தான் வருவார்கள்.

பெயர் தெரியாதவர்களுக்கு: சி.ஏ.டி. என்றால் காம்பாட் அப்ளிகேஷன் டூர்னிக்கெட். கையிலோ காலிலோ அடிபட்டு ரத்தம் பீறிட்டால், காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி அந்த உறுப்புக்குப் போகும் ரத்தத்தையே நிறுத்தும் பட்டை. ஒன்றரை அங்குல அகலம், நெடுக வெல்க்ரோ, ஒரு முனையில் பக்கிள், நடுவில் ஒரு தடித்த திருகு குச்சி. பட்டைக்குள்ளேயே இன்னொரு நாடா ஓடுகிறது. குச்சியைத் திருகத் திருக அந்த உள்நாடா சுருங்கி, தசையோடு சேர்த்து ரத்தக் குழாயையும் நசுக்கிவிடும். ரத்தம் நின்றதும் குச்சியைக் கொக்கியில் மாட்டி, அதன் மேல் வெளிர்நிறத்தில் இருக்கும் சின்னப் பட்டியை ஒட்ட வேண்டும். அந்தப் பட்டியில்தான் கட்டிய நேரத்தை எழுதுவது. நான் வைத்திருப்பது 7ஆம் தலைமுறை. இதில் பட்டையை ஒரே துளை வழியாக நுழைத்தால் போதும், இரண்டு துளைக்குள் வளைத்து வளைத்து மாட்டும் பழைய தொல்லை இல்லை. அடிபட்டவரே ஒரு கையால் தனக்குக் கட்டிக்கொள்ளலாம்.

இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தும் யோசனை மிகப் பழையது. திருகு வைத்த டூர்னிக்கெட்டை ழான் லூயி பெத்தி என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1718இலேயே செய்துவிட்டார். ஆனாலும் நெடுங்காலம் இதற்கு நல்ல பெயர் கிடையாது, கட்டினால் கால் போய்விடும், வேறு வழியே இல்லை என்றால் மட்டும் தொடு என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது ஈராக் போர். 2006இல் பாக்தாதில் ஒரு ராணுவ மருத்துவமனைக்கு டூர்னிக்கெட்டோடு வந்த 232 பேரை ஆராய்ந்தார்கள், மொத்தம் 309 கை கால்கள். டூர்னிக்கெட் கட்டிய ஒரே காரணத்தால் வெட்டி எடுக்க நேர்ந்த கை கால் ஒன்றுகூட இல்லை. இன்னொரு கணக்குதான் என்னை உலுக்கியது. ரத்தம் இழந்து உடல் அதிர்ச்சி நிலைக்குப் போவதற்கு முன்பே கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள், அந்த நிலைக்குப் போன பிறகு கட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். அதே பட்டை, அதே காயம், சில நிமிடங்கள் தாமதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சில நிமிடங்களுக்குள் பட்டை தானாக நடந்து போய்க் காலைச் சுற்றிக்கொள்ளாது. யாராவது அதை எடுத்துக்கொண்டு, சுடுகிறார்கள் என்று தெரிந்தே, அங்கே போக வேண்டும்.

சரி, பயன்படுத்திப் பார்த்ததற்கு வருகிறேன். ரத்தப்போக்கை நிறுத்தும் ஒரு நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன், சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்தில் மெடிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில், என் இடது தொடையில் நானே கட்டினேன். 1 நிமிடம் 10 விநாடி. பட்டையை நன்றாக இழுக்காமல் அவசரமாகக் குச்சியைத் திருக ஆரம்பித்துவிட்டேன், அது சுற்றிக்கொண்டே போகிறது, இறுகவில்லை. அவர் குனிந்து பட்டைக்கும் காலுக்கும் நடுவே மூன்று விரல் நுனியை நுழைத்துக் காட்டினார். விரல் நுழைந்தால் தப்பு. முதலில் பட்டையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து ஒட்ட வேண்டும், பாதி வேலை அங்கேயே முடிந்துவிட வேண்டும், குச்சி மீதிக்குத்தான்.

வலியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். சரியாகக் கட்டினால் கண்ணில் நீர் வரும். எலும்பைச் சுற்றி யாரோ கம்பியைக் கட்டி முறுக்குவது போல இருக்கும், கொஞ்ச நேரத்தில் பாதம் மரத்துப்போகும். நான் கத்தியதும் பக்கத்தில் இருந்தவர் குச்சியைத் தளர்த்தப் போனார், சொல்லிக்கொடுப்பவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். களத்தில் இப்படித்தான் நடக்கும் என்றார். அடிபட்டவன் கெஞ்சுவான், திட்டுவான், அவிழ்த்துவிடு என்பான், அவன் நண்பனாகவும் இருப்பான், அப்போதும் இன்னும் அரைச் சுற்று இறுக்கத்தான் வேண்டும். துணிச்சல் என்றால் ஓடிப்போய்க் காப்பாற்றுவது என்று மட்டும் நினைத்திருந்தேன். நண்பன் அலறும்போது கையை எடுக்காமல் இருப்பதும் அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதியத்துக்குமேல் தரையில் படுக்கவைத்தார். கையில் சோப்புத் தண்ணீரை ஊற்றினார், ரத்தம் பட்டால் இப்படித்தான் வழுக்குமாம். விளக்கை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டிவைத்தார். எனக்கு முன்னால் இன்னொருவர் அடிபட்டவராகக் கிடக்கிறார். ஏழெட்டு முறைக்குப் பிறகு 28 விநாடிக்கு வந்துவிட்டேன், சந்தோஷமாக நிமிர்ந்து பார்த்தேன். அவர் கடிகாரத்தைக் காட்டினார். “தம்பி, நல்லாக் கட்டினே. ஆனா 28 விநாடி தலையைத் தூக்கியே வெச்சிருந்தே” என்றார்.

அதற்கப்புறம் அடுத்த முறை கட்டும்போது என் கழுத்து எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு கட்டினால் பக்கிள் தெரியாது, தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முழங்கையை ஊன்றாமல் பட்டையை இழுக்க பலம் வராது, ஊன்றினால் தோள் எழும். எப்படிச் செய்தாலும் உடம்பில் ஏதோ ஒரு பாகம் மேலே வருகிறது. சுடுகிறவர்களுக்கு அது போதும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எனக்கு முன்பு தெரியாது. 1996இல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் போர்க்களச் சிகிச்சைக்கான முறைகளைப் புதிதாக எழுதினார்கள், இன்று பல நாட்டு ராணுவங்கள் அதைப் பின்பற்றுகின்றன. அதில் சிகிச்சையை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள். முதல் கட்டம், எதிரி இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும் நேரம். அப்போது மெடிக் செய்ய வேண்டியது பதுங்குவது, தேவைப்பட்டால் திருப்பிச் சுடுவது, அடிபட்டவனைத் தானே நகர்ந்து மறைவுக்கு வரச் சொல்வது, அவனால் முடிந்தால் தன் பட்டையைத் தானே கட்டிக்கொள்ளச் சொல்வது. மெடிக் கையால் செய்யும் சிகிச்சை என்று பார்த்தால் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட இந்த ஒரே பட்டைதான், அதுவும் சட்டை கால்சட்டையை வெட்டாமல், துணிக்கு மேலேயே, முடிந்தவரை உயரத்தில். மூச்சு, மற்ற காயங்கள் எல்லாம் மறைவுக்குப் போன பிறகு. முதலில் படித்தபோது இது என்ன கல்நெஞ்சு என்று தோன்றியது. யோசித்தால் புரிகிறது. மெடிக் விழுந்துவிட்டால், அவர் பையில் இருக்கும் எல்லாமும் அவரோடு விழுந்துவிடும், அடுத்து அடிபடுகிற ஐந்து பேருக்கு யாரும் இல்லை. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற குரலைக் கேட்டுக்கொண்டே, சரியான நொடி வரும்வரை சுவருக்குப் பின்னால் இருப்பது, ஓடுவதைவிடக் கஷ்டம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த நொடி வராமலே போன இடங்களும் உண்டு. 1945இல் ஜப்பானின் ஒகினாவா தீவின் மயேடா செங்குத்துச் சரிவில் டெஸ்மண்ட் டாஸ் இருந்த இடம் அப்படிப்பட்டது. மத நம்பிக்கை காரணமாகத் துப்பாக்கியைத் தொடவே மறுத்த அமெரிக்க மெடிக். படை பின்வாங்கிய பிறகும் அவர் மேலேயே இருந்து, அடிபட்டவர்களை ஒவ்வொருவராகப் பாறை விளிம்புக்கு இழுத்து வந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கீழே இறக்கினார். எத்தனை பேர் என்பதில் அவர் சொன்னது சுமார் 50, மற்றவர்கள் சொன்னது 100, கடைசியில் விருதுப் பத்திரத்தில் 75 என்று எழுதினார்கள். பிறகு சில நாள் கழித்து ஒரு கையெறி குண்டு அவர் கால்களைக் கிழித்தது. இன்னொரு மெடிக்கை மறைவிலிருந்து வெளியே கூப்பிடக் கூடாது என்று தன் காயத்துக்குத் தானே கட்டுப்போட்டுக்கொண்டு 5 மணி நேரம் காத்திருந்தார். கடைசியாக ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது, தன்னைவிட மோசமாக அடிபட்ட ஒருவரைப் பார்த்து ஸ்ட்ரெச்சரிலிருந்து தவழ்ந்து இறங்கி, அவரை ஏற்றச் சொன்னார். அப்புறம் கையில் குண்டு பட்டு எலும்பு நொறுங்கியபோது ஒரு துப்பாக்கியின் கட்டையை அணையாக வைத்துக் கையைக் கட்டிக்கொண்டார். அவர் துப்பாக்கியைத் தொட்டது அதற்குத்தான்.

75 என்ற எண்ணைவிட, அந்த 5 மணி நேரம்தான் எனக்குப் பெரியதாகத் தெரிகிறது. கூப்பிட்டால் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவரே அப்படிப் போனவர்தானே.

பட்டையோடு ஒரு சின்ன பையும் வந்தது, அதில் இருப்பவற்றையும் சொல்கிறேன். ஒன்று, ரத்தத்தைச் சீக்கிரம் உறையவைக்கும் கயோலின் தடவிய காஸ் துணி. டூர்னிக்கெட் கட்ட முடியாத இடங்களில், அதாவது இடுப்பு மடிப்பு, அக்குள் போன்ற இடங்களில், காயத்துக்குள் இதைத் திணித்து 3 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பயிற்சிக்கு ஒரு ரப்பர் பொம்மை வைத்திருந்தார்கள், உள்ளே குழாய் வழியாகச் சிவப்புத் தண்ணீர் ஓடும். விரலால் துணியைத் தள்ளித் தள்ளி அடியில் சுரக்கும் இடத்தைத் தேட வேண்டும், பிறகு இரண்டு கையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து உடம்பின் எடையைப் போட வேண்டும். 180 வரை எண்ணினேன். 60இலேயே மணிக்கட்டு நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்த 3 நிமிடமும் இரண்டு கையும் ஒருவர் காயத்துக்குள், துப்பாக்கியை எடுக்க முடியாது, முகத்தை மறைக்கக்கூட முடியாது.

இரண்டாவது, நெஞ்சில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே இழுக்காமல் மூடும் ஒட்டுப்படலம். இதைப் பிரித்துப் பார்த்தபோது லாரன்ஸ் ஜோயல் நினைவுக்கு வந்தார். 1965 நவம்பர் 8 அன்று வியட்நாமில், அமெரிக்காவின் 173வது பாராசூட் படைப் பிரிகேடில் மெடிக். காலில் சுடப்பட்டார். தனக்குத் தானே கட்டுப்போட்டு, வலியை அடக்கும் மார்ஃபீன் ஊசியைப் போட்டுக்கொண்டு மற்றவர்களிடம் போனார், பிளாஸ்மா பாட்டிலை உயர்த்திப் பிடிப்பதற்காக அந்தச் சூட்டின் நடுவே முட்டி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். என் தலை 28 விநாடி மேலே இருந்ததற்கே எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஒரு பாட்டில் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாவது முறையும் சுடப்பட்டு, தொடையில் குண்டு இருக்கும்போதே தவழ்ந்து போய் இன்னும் 13 பேரைப் பார்த்தார். நெஞ்சில் பெரிய காயத்தோடு கிடந்த ஒருவருக்கு வேறு எதுவும் இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்து மூடி உயிரைக் காப்பாற்றினார். இன்றைக்குத் தொழிற்சாலையில் செய்து உறையில் போட்டுத் தருகிற இந்தப் படலம் அன்று அவர் கையில் வெறும் பிளாஸ்டிக் பை.

குறைகள். வெல்க்ரோவில் மண், மணல் ஏறிவிட்டால் ஒட்டும் பிடி குறைகிறது, அதனால் மூடி வைக்க வேண்டும், ஆனால் உறையைப் பிரிக்க நேரம் எடுக்கும்படியும் மூடக் கூடாது. மிகச் சிறிய குழந்தைகளின் கைக்கு இந்தப் பட்டை போதுமான அளவு சுருங்காது. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும், அதனால்தான் நேரத்தை எழுதச் சொல்கிறார்கள். உக்ரைன் போரில் அடிபட்டவர்களை வெளியே கொண்டுபோகவே பல மணி நேரம் ஆகிறது, பட்டை அவ்வளவு நேரம் காலிலேயே இருந்துவிடுகிறது. இது பட்டையின் குறை இல்லைதான், ஆனால் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய குறை ஒன்று உண்டு. 2001 முதல் 2011 வரை களத்தில் இறந்த 4,596 அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். மருத்துவமனை சேரும் முன்பே இறந்தவர்களில் சுமார் கால் பங்கினரைப் பிழைக்கவைத்திருக்க வாய்ப்பு இருந்தது, அவர்களில் 10க்கு 9 பேர் ரத்தப்போக்கால் இறந்தவர்கள். அந்த ரத்தப்போக்கில் மூன்றில் இரண்டு பங்கு நெஞ்சு, வயிறு, இடுப்புக்குள் நடந்தது. அங்கே இந்தப் பட்டைக்கு வேலையே இல்லை. கை கால் காயம் 13.5 சதவீதம்தான், டூர்னிக்கெட் பரவிய காலத்துக் கணக்கு இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயிற்றுக்குள் ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கு மெடிக் பையில் இருப்பது மிகக் குறைவு. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் போகிறார், பக்கத்தில் படுத்துக்கொள்கிறார், போர்வையைச் சுற்றுகிறார், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். சொல்லிக்கொடுத்தவரிடம் இதைப் பற்றி இடைவேளையில் கேட்டேன். “போகாம இருக்க முடியாது தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைகளை எடுத்து அடுக்கப் போய்விட்டார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நோயல் ஷவாஸ் என்ற பிரிட்டிஷ் படை மருத்துவர் இறந்துபோனவர்களுக்காகவும் போனார். 1916 ஆகஸ்டில் பிரான்சின் கிலமோனில், இரவில் நான்கு மணி நேரம் எதிரியின் வரிசைக்கு முன்னால் அடிபட்டவர்களைத் தேடினார். மறுநாள் குண்டுச் சிதறல் பட்டது. அன்று இரவும் தொண்டர்களோடு போய், எதிரியின் பதுங்குகுழியிலிருந்து 25 கெஜத்தில் கிடந்த ஒரு குண்டுப் பள்ளத்திலிருந்து மூன்று பேரை மீட்டார், இறந்தவர்களின் அடையாளத் தகடுகளையும் சேகரித்துக்கொண்டு வந்தார். காப்பாற்ற இனி ஒன்றும் இல்லாதவர்களின் பெயர்களையாவது வீட்டுக்கு அனுப்பலாம் என்று அந்த இருட்டில் தடவித் தடவி எடுத்திருக்கிறார். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தில் நடந்த ஒரு சண்டையில், அது தொடங்கிய சிறிது நேரத்திலேயே பலமாக அடிபட்டும் இரண்டு நாள் இடத்தைவிட்டு நகர மறுத்து வேலை செய்தார், 1917 ஆகஸ்ட் 4 அன்று இறந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை இரண்டு முறை பெற்றவர்கள் மொத்தமே மூன்று பேர், அதில் இவரையும் சேர்த்து இருவர் படை மருத்துவர்கள்.

நம்மவர்களுக்கு அதிகம் தெரியாத பெயர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். கொரியப் போரில் இந்தியாவின் 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற களமருத்துவப் பிரிவுக்குத் தலைவர். 1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கும்போது, மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல் அவருடைய ஆட்கள் ஒரு பழைய ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 1951 மார்ச் 23 அன்று முன்சன்னியில் அமெரிக்கப் படையோடு அந்தப் பிரிவின் 12 பேர் பாராசூட்டில் குதித்தார்கள். ரங்கராஜுக்கு மகா வீர் சக்ரா கிடைத்தது. பையில் சாமான் தீர்ந்துபோன மெடிக்கின் நிலை என்னவென்று யோசித்தால் அந்த எஞ்சின் கதை சும்மா சுவாரசியத்துக்காகச் சொல்வதாகத் தோன்றாது.

அதனால்தான் போலிப் பட்டைகள் மேல் எனக்கு இவ்வளவு கோபம். நான் முதலில் வாங்கியது போலி. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன், படம், பெயர், பெட்டி எல்லாம் அச்சு அசலாக இருந்தது. மூன்றாவது முறை திருகும்போது குச்சி வாழைத்தண்டு போல வளைந்து, நான்காவது முறை ஒடிந்தது. கொக்கி வாய் திறந்துகொண்டது. உக்ரைன் போர்முனைக்கே இப்படிப்பட்ட போலிகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சரியாகச் செய்து, உயிரைப் பணயம் வைத்துத் தவழ்ந்து போய்ச் சேர்ந்த ஒரு மெடிக்கின் கையில் குச்சி ஒடிந்தால் எப்படி இருக்கும். நம்பிக்கையான மருத்துவ விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள். மற்ற இடங்களைவிட ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது என்றால் வேண்டவே வேண்டாம்.

யார் வாங்கலாம்? இயந்திரங்களோடு வேலை செய்கிறவர்கள், நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவர்கள், மலையேறுகிறவர்கள். ஆனால் பயிற்சி இல்லாமல் வாங்கிப் பெட்டியில் வைத்தால் பயனில்லை. அமெரிக்காவின் 75வது ரேஞ்சர் ரெஜிமென்டில் மெடிக் மட்டுமல்ல, ஒவ்வொரு வீரரும் இதைக் கட்டப் பழக வேண்டும் என்று வைத்தார்கள். 2001இலிருந்து 2010 வரை 419 பேர் அடிபட்டு 32 பேர் இறந்தார்கள், களத்தில் இன்னும் நல்ல சிகிச்சை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லும்படி அதில் ஒருவர்கூட இல்லை. பக்கத்தில் இருப்பவன் தனக்குத் தானே கட்டிக்கொண்டால் மெடிக் ஒரு முறை குறைவாகத் தலையைத் தூக்கினால் போதும் இல்லையா.

5க்கு 4.5 கொடுப்பேன், அந்த அரை வெல்க்ரோவுக்காக. இரண்டாக வாங்குங்கள், ஒன்று உறையிலேயே இருக்கட்டும், ஒன்று பழகுவதற்கு. பழகியதை அவசரத்துக்கு எடுக்காதீர்கள், திருகித் திருகிக் குச்சியும் நாடாவும் தளர்ந்திருக்கும். என்னுடைய பயிற்சிப் பட்டையில் நேரம் எழுதும் பட்டி எழுதி எழுதி அழித்ததில் சாம்பல் நிறமாகிவிட்டது. இப்போது கன்னத்தைத் தரையில் வைத்தபடி, வலது கையால் மட்டும், 41 விநாடி. இடது கைக்கு இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, இந்த மாதம் முழுக்க இடது கைதான்.